பும்பா பேசிய தமிழ்

சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்று சொல்லும்போது வகுப்பில் பெரிய சலனம் எதுவும் ஏற்படுவதில்லை. ‘மணிமேகலை பார்ட் டூ’ என்று சொன்னால் கடைசி வரிசைவரை நிமிர்ந்து உட்காருகிறது. கொச்சையான விளக்கம் என்று மூத்த ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம். ஆயினும் பொய்யான விளக்கமன்று. கோவலன் மதுரையில் கொலையுண்டான், கண்ணகி வானேறினாள். மாதவியும் அவள் பெற்ற மகளும் என்ன ஆயினர் என்னும் கேள்வி கதை கேட்டவர் நெஞ்சில் எஞ்சி நிற்கிறது. அந்த எச்சத்தில்தான் சாத்தனாரின் நூல் புறப்படுகிறது. அதுமட்டுமோ? மணிபல்லவத்தில் மணிமேகலை தன் முற்பிறப்பை அறிகிறாள். இலக்குமி என்னும் பெயரோடு தான் இராகுலனுக்கு மனைவியாயிருந்ததும், அவ்விராகுலனே இப்பிறப்பில் உதயகுமரனாகித் தன்னைத் தொடர்வதும் அவளுக்குப் புலனாகின்றன. ஆக, கதையை முன்னே கொண்டுசெல்லும் நூலே அதற்கு முந்திய கதையையும் சொல்லிவிடுகிறது.

2024 டிசம்பர் 20 அன்று வெளிவந்த ‘முஃபாசா: தி லயன் கிங்’ என்னும் அனிமேஷன் படத்தின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே. 2019இல் வந்த ‘தி லயன் கிங்’ படத்தின் தொடர்ச்சி அது. சிம்பாவின் மகள் கியாராவுக்கு, அவள் பிறக்குமுன்பே இறந்துபோன பாட்டன் முஃபாசாவின் கதையை ரஃபிக்கி என்னும் முதிய குரங்கு சொல்கிறது. வெளியே இடியும் மழையும். கேட்பவள் மகள் வழிப்பட்ட தலைமுறை, சொல்லப்படுவது முன்கதை. மணிமேகலையைப் படித்தவர்க்கு இது பழகிய பாதை.

இந்தக் கியாராவின் பிறப்பே சுவையான செய்தி. அவள் முதலில் தோன்றியது 1998இல் வெளியான ‘சிம்பாஸ் பிரைட்’ படத்தில். அது திரையரங்குக்கு வராமல் நேரே வீடியோவாகவே விற்கப்பட்டது. அக்காலத்தில் அனிமேஷன் படங்களின் இரண்டாம் பாகம் என்றால் பெரும்பாலும் அப்படித்தான். 1994இன் ‘தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்’ அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. அதற்குமுன் 1990இல் டிஸ்னி நிறுவனம் ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ என்னும் இரண்டாம் பாகத்தைத் திரையரங்கில் வெளியிட்டுக் கைசுட்டுக்கொண்டது. 1999இல் ‘டாய் ஸ்டோரி 2’ கூட வீடியோவுக்கென்று தொடங்கப்பட்டு, பின்னரே திரைக்கு உயர்த்தப்பட்டது. அது பெற்ற வரவேற்புக்குப் பிறகுதான் இரண்டாம் பாகம் என்பது மதிப்புள்ள சரக்காயிற்று.

அம்பத்தூர்ப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் நாங்கள் இதன் தமிழ் வடிவத்தைக் கண்டோம். முருகன், ராக்கி, ஆவடி மீனாட்சி, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்து ஈ.வி.பி. என்று இப்பகுதியில் திரையரங்குப் பெயர்கள் வழி சொல்லவும் பயன்படுபவை. எந்த அரங்கு என்பது இங்கே முக்கியமன்று. எங்கள் கவனத்தை ஈர்த்தது ஒரு சிறு நிகழ்ச்சி. பும்பா என்னும் காட்டுப்பன்றி திரையில் தலைகாட்டியதும், அது வாய் திறக்குமுன்பே அரங்கு சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் பத்து வயதைத் தாண்டாதவர்கள்.

வாய் திறக்குமுன் எழும் சிரிப்பு நினைவிலிருந்து எழுவது. அந்தப் பன்றிக்குக் குரல் ரோபோ சங்கர், அதன் தோழன் டிமோனுக்குச் சிங்கம்புலி என்பதை அவர்கள் 2019ஆம் ஆண்டிலிருந்தே அறிவார்கள். அல்லது தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியதைப் பார்த்து அறிவார்கள். ஆங்கில மூலத்தில் அந்தப் பாத்திரங்களுக்குப் பேசிய சேத் ரோகனும் பில்லி ஐக்னரும் இக்குழந்தைகளுக்கு யாரோ. தொடர்ச்சியை ரசிப்பதற்கு முந்தையதன் நினைவு வேண்டும். அம்பத்தூரில் ரசிக்கப்பட்ட தொடர்ச்சி ஹாலிவுட்டின் தொடர்ச்சியன்று, தமிழ்க் குரல்களின் தொடர்ச்சி என்பது நம் கருத்து. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

பிறமொழி வாய்க்குத் தமிழ்க் குரல் பொருத்தும் தொழில் தமிழ்நாட்டில் 1944இல் தொடங்குகிறது. ஏவி. மெய்யப்பன் முந்திய ஆண்டு கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ் பேசவைத்து வெளியிட்டார், இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படம் என்று அதைக் குறிப்பிடுவர். அசையும் சித்திரமும் இங்குப் பழையதே. ஜெமினி ஸ்டூடியோ 1947இல் ‘சினிமா கதம்பம்’ என்றொரு கேலிச்சித்திரக் குறும்படத்தை எடுத்தது. 1989இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினிகாந்த் சித்திர விலங்குகளோடு பாடி ஆடினார், அச்சித்திரங்களை உருவாக்கியவர் ராம் மோகன். அப்பாட்டுக்காகவே அப்படத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தலைமுறை நம்முடையது.

எனினும், சித்திரத்தை அசைத்துக் குரல் கொடுக்கும் கலைக்குச் சினிமாவில் மட்டும் வேர் தேடினால் போதாது. தோற்பாவைக்கூத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கு. வண்ணம் தீட்டிய ஆட்டுத்தோல் உருவங்கள். அத்தனை உருவங்களுக்கும் குரல் கொடுப்பவர் ஒரே கலைஞர். இராமனும் அவரே, சூர்ப்பணகையும் அவரே. இராமாயணம் பல இரவுகளாகப் பிரித்து நிகழ்த்தப்படும்; நேற்று விட்ட இடத்தில் இன்று தொடங்கும். இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைந்து, கதைக்குச் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளூர்ப் பேச்சில் ஊர்வம்பு பேசிவிட்டுப் போவார்கள். வடதமிழ்நாட்டில், இந்தப் புறநகர்கள் ஏரியும் வயலுமாக இருந்த நாளில், திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளில் கட்டியக்காரன் செய்த வேலையும் அதுதான். காவியத் தமிழில் அரசன் பேசுவான். கட்டியக்காரன் ஊர்த் தமிழில் அதைக் கிண்டலடிப்பான்.

‘முஃபாசா’ படத்தில் ரஃபிக்கி கதை சொல்லும்போதெல்லாம் டிமோனும் பும்பாவும் குறுக்கே பாய்கின்றனர். தங்கள் பங்கு கதையில் எப்போது வரும் என்று நச்சரிக்கின்றனர். இந்தக் குறுக்கீடுகள் கதையின் ஓட்டத்தைக் கெடுக்கின்றன என்று ஆங்கில விமர்சகர் பலர் குறைகூறினர். தமிழில் பார்த்த நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உச்சிக்குடும்பன் வந்ததற்காக இராமாயணம் கெட்டுப்போனது என்று யார் சொன்னார்கள்?

ரோபோ சங்கரின் வாழ்க்கையே இந்த மரபின் நீட்சிதான். மதுரைக்காரர். கிராமத்துத் திருவிழா மேடைகளில் உடம்பெல்லாம் உலோக வண்ணம் பூசிக்கொண்டு இயந்திர மனிதனாக ஆடியதால் பெயரோடு ‘ரோபோ’ ஒட்டிக்கொண்டது. பலகுரல் மேடையிலிருந்து விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப்போவது யாரு’ நிகழ்ச்சிக்கும், அங்கிருந்து ‘இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா’ (2013), ‘மாரி’ (2015) முதலிய படங்களுக்கும் வந்தார். அவரும் சிங்கம்புலியும் பன்றிக்கும் கீரிக்கும் தந்த பேச்சில் வைகைக்கரை வாடை அடிக்கும். அம்பத்தூரில் அது எடுபடக் காரணமுண்டு. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1960களில் உருவான தொழிற்பேட்டை, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை என வேலை தேடிப் பல மாவட்டத்தாரும் வந்து நிறைந்த பகுதி இது. இங்கே பிறந்த பேரப்பிள்ளை சென்னைத் தமிழ் பேசுகிறது. பாட்டி தெற்கத்தித் தமிழ் பேசுகிறாள். பள்ளிக்கூடம் ஆங்கிலம் பேசச் சொல்கிறது. மூன்றும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே நொடியில் சிரிப்பதற்கு வேறு இடங்கள் அதிகமில்லை. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு மூதாட்டி, வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட முஃபாசாவைத் தாக்கா தன் உடன்பிறந்தவனாக ஏற்றுக்கொண்ட காட்சியில், ‘குகன் மாதிரி’ என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னர் அதே தாக்கா துரோகியானதும் அந்த உவமையை எப்படிச் சமாளித்தார் என்பது கேட்கவில்லை.

இந்தக் காதுகள் ஒரே நாளில் பழகியவை அல்ல. 2004 டிசம்பரில் டிஸ்னி அலைவரிசை இந்தியாவுக்கு வந்தபோதே தமிழ் ஒலியும் அதில் இருந்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி தொடங்கியது. டோராவும் அவளுடைய குரங்கு புஜ்ஜியும் தமிழ் பேசித் தெருவுக்குத் தெரு வந்தனர். அந்நாளில் தமிழறிஞர் சிலர் இந்தத் தமிழைக் கண்டித்ததை நாம் கேட்டிருக்கிறோம். கண்டனத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. வாயசைவுக்கு ஏற்ப வாக்கியத்தை ஒடித்துப் போட்ட, எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு தமிழ் அங்கே நிறையப் புழங்கியது. ஆனால் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கு அந்தத் தமிழ் உதவவில்லை. ஆகவே அவ்விடங்களில் மட்டும் உண்மையான வட்டாரப் பேச்சு மெல்ல நுழைந்தது. சிங்கம் மேடைத்தமிழ் பேச, பன்றி மதுரைத்தமிழ் பேசும் ஏற்பாடு அவ்வாறு நிலைபெற்றதே. கூத்து மேடையில் அரசனுக்கும் கட்டியக்காரனுக்கும் இருந்த அதே பிரிவினை.

2019ஆம் ஆண்டுப் படத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்காருக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த்சாமி. 1994ஆம் ஆண்டின் மூலப் படம் தமிழாக்கப்பட்டபோது சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. கால் நூற்றாண்டில் மருமகனின் குரல் முதிர்ந்து, அவனைக் கொல்லத் துணியும் சிற்றப்பனின் குரலாகிவிட்டது. சிம்பாவின் இடத்துக்குச் சித்தார்த் வந்தார். ஆங்கிலத்தில் இப்பொருள் இல்லை. தமிழ்ப்படம் மட்டும் பெற்ற கூடுதல் அர்த்தம் இது. திட்டமிட்டுச் செய்ததா, தற்செயலா என்பது பற்றிக் கவலையில்லை.

சொந்தமாக நாம் செய்த அனிமேஷன் படங்களின் கதை இவ்வளவு மகிழ்ச்சியானதன்று. சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் 2000இல் ‘பாண்டவாஸ்’ எடுத்து இந்தியாவின் முதல் முப்பரிமாண அனிமேஷன் படம் என்ற பெயரைப் பெற்றது. ஆனால் அதன் பாண்டவர்கள் பேசியது ஆங்கிலம். 2007இல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’ வந்தது. தலைப்பில் இருந்த உறுதி பலிக்கவில்லை. 2014இன் ‘கோச்சடையான்’ ரஜினிகாந்தின் அசைவுகளைப் பதிவுசெய்து உருவான படம். அடுத்த பாகத்துக்கு இடம் வைத்து முடிந்தது, அடுத்த பாகம் வரவில்லை. தமிழில் பிறந்த அனிமேஷன் பாத்திரம் எதுவும் இரண்டாம் முறை திரைக்கு வந்து, குழந்தைகள் அதை முன்பே அறிந்து சிரித்ததாக நாம் காணவில்லை. 2025 ஜூலையில் வெளியான ‘மகாவதார் நரசிம்மா’ தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்து இந்திய அனிமேஷன் வசூலையெல்லாம் முறியடித்திருக்கிறது. அதன் தொடர்படங்கள் 2037வரை அறிவிக்கப்பட்டுள்ளன. ஆனால் அதுவும் பிற மாநிலத்தார் படைப்பே. தமிழுக்கு அங்கும் கிடைத்திருப்பது குரல் கொடுக்கும் வேலைதான்.

அந்த வேலையை இழிவாகச் சொல்லவில்லை. ஒட்டக்கூத்தரின் உத்தரகாண்டம் கம்பன் காவியத்தோடு சேர்த்துப் படிக்கப்படுகிறது; வேறொருவர் கட்டிய வீட்டில் அறை கூட்டியவருக்கும் நம் இலக்கிய வரலாறு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது. மொழிமாற்றுப் படத்துக்கு அந்த ஒரு பத்தியும் இல்லை. சுவரொட்டியில் நட்சத்திரக் குரல்களின் பெயர் உண்டு. அர்ஜுன் தாஸ் முஃபாசாவாகவும், அசோக் செல்வன் தாக்காவாகவும், நாசர் வெண்சிங்கம் கீரோஸாகவும், வி.டி.வி. கணேஷ் இளமைக்கால ரஃபிக்கியாகவும் பேசினார்கள் என்பதை எவரும் சொல்வார்கள். அவர்கள் பேசிய வாக்கியங்களைத் தமிழில் எழுதியவர் பெயரை எங்கள் வரிசையில் ஒருவராலும் சொல்லமுடியவில்லை. குழந்தைகளின் காதில் இத்தனை ஆயிரம் வாக்கியங்களைப் போட்டவர்களைப் பற்றி, நாம் அறிந்தவரை, தமிழ்த்துறைகளில் ஆய்வேடுகள் அரிது. சிறுவர் இலக்கியம் நலிந்துவிட்டது என்று கருத்தரங்கம் நடத்துகிறோம். சிறுவர்கள் எங்கே தமிழ் கேட்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதில்லை.

2019 படத்தில் ஸாஸூ என்னும் பறவைக்குக் குரல் தந்த மனோபாலா 2023 மே மாதம் காலமானார். ரோபோ சங்கர் 2025 செப்டம்பர் 18 அன்று, 46ஆம் வயதில் காலமானார். தோற்பாவைக் கலைஞர் திரைக்குப் பின்னே தம் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். தந்தையின் உச்சிக்குடும்பன் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பதைப் பிள்ளை கேட்டே பழகும். பும்பா இன்னொரு படத்தில் வருமானால் யாரோ ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முதலில் சங்கர் பேசியதைத்தான் ஓடவிட்டுக் கேட்கவேண்டியிருக்கும்.