பட்டறிந்தவர்கள் காத்த இதயம்

அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் இதய வார்டு நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். வார்டுக்கு வரும் இளவயதுக்காரர்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்தார். போதை ஊசியால் இதய வால்வில் கிருமி குடியேறியவர்கள். இவர்களைக் காக்கும் வழி எங்கே பிறந்தது என்று பழைய வரலாற்றைப் புரட்டினேன். மருத்துவமனையில் கிடைத்ததைவிடத் தெருவில் கிடைத்த விடைகளே அதிகம்.

இதய வால்வில் கிருமி குடியேறும் இந்த எண்டோகார்டைட்டிஸ் பழைய நோய். 1885-ல் வில்லியம் ஆஸ்லர் லண்டனில் இதைப் பற்றி விரிவாகச் சொற்பொழிவாற்றினார். அந்தக் காலத்தில் வந்தால் பெரும்பாலும் மரணம்தான். 1940-களில் பென்சிலின் வந்த பிறகே பிழைக்க வழி பிறந்தது. போதை ஊசி போடுபவரின் தோலில் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ஊசியோடு ரத்தத்தில் இறங்கி, பல நேரம் இதயத்தின் வலப்பக்க வால்வில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஆறு வாரம்வரை டிரிப்ஸில் ஆன்டிபயாடிக்.

கிருமி உள்ளே போகாமல் தடுப்பதற்கு முதலில் இறங்கியவர்கள் ஊசி போட்டவர்களே. 1984-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மருந்துக்கடை அவர்களுக்கு ஊசி விற்பதை நிறுத்தியது. ஹெபடைட்டிஸ் பி பரவிவிடும் என்று பயந்த அவர்களது சங்கம், நகரச் சுகாதாரத் துறையிடம் புது ஊசி பெற்று, பழையதை வாங்கிக்கொண்டு விநியோகித்தது. 1988-ல் அமெரிக்காவின் டாகோமா நகரில் டேவ் பர்ச்சேஸ் என்ற ஆலோசகர் தெருவோரம் சிறு மேசை போட்டு அதையே செய்தார். அதே ஆண்டு, இந்த வேலைக்கு மத்திய அரசின் பணம் கூடாதென்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

நகரங்களில் இப்படி நடக்க, கிராமங்கள் விடுபட்டன. லூயிவிலுக்கு வடக்கே, இண்டியானாவின் ஸ்காட் கவுண்டியில் ஆஸ்டின் என்ற ஊர். சுமார் 4,200 பேர். ஆப்பனா என்ற வலிமருந்தை நசுக்கி மூக்கில் உறிஞ்சுவது கடினமாகும்படி 2012-ல் மாற்றியபோது பலர் ஊசிக்குத் தாவினார்கள். சில வீடுகளில் தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் சேர்ந்து போட்டுக்கொண்டது. 2015-ல் எச்.ஐ.வி. வெடித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் 180 பேருக்கு மேல் தொற்று. அதன் பிறகே ஊசி மாற்று மையம் வந்தது, தொற்றும் தணிந்தது. ஆனால் 2021-ல் கவுண்டி நிர்வாகிகள் இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அதை மூட முடிவெடுத்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத முடிவு அது. ஆபத்து எச்.ஐ.வி.யோடு நிற்கவில்லை: வட கரோலினாவில் 2010 முதல் 2015-க்குள், போதைப் பழக்கத்தோடு சேர்ந்த வால்வு தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் விகிதம் பன்னிரண்டு மடங்கானது. எச்.ஐ.வி.க்காகக் கொடுத்த அதே புது ஊசியும் ஸ்பிரிட் பஞ்சும்தான் வால்வையும் காக்கின்றன.

ஊசி மட்டும் போதாது, பட்டறிந்த துணையும் வேண்டும். 1999-ல் ஜார்ஜியா மாநிலம், மனநோயிலிருந்து மீண்டவர்களைத் துணையாளர்களாக அமர்த்தி, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் மூலம் ஊதியம் கிடைக்க வழி செய்தது. போதையிலிருந்து மீண்டவர்களுக்கும் அந்தக் கதவு பின்னர் திறந்தது. எங்கள் வார்டுக்கு வரும் துணையாளர் ஒருத்தி, தானும் ஊசி போட்டவள். இரண்டாம் வாரமே கிளம்பத் துடித்த பையனின் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "உடம்பு முறுக்குதா?" அவன் தலையாட்டியதும் டாக்டரிடம் போய், போதை நின்றதால் வரும் அந்த முறுக்கலை அடக்கும் பூப்ரெனார்ஃபின் மருந்தைத் தொடங்கச் சொன்னாள். முறுக்கல் அடங்கியது; பையன் தங்கினான். பிறகு பஞ்சைக் கையில் எடுத்துக் காட்டினாள்: தோலை நன்றாகத் தேய், காயும்வரை பொறு, ஊசி முனையை நாக்கில் வைக்காதே. நான் சொல்லியிருந்தால் உபதேசமென்று முகத்தைத் திருப்பியிருப்பான்.

2022-ல் அமெரிக்க இதயச் சங்கம், இவர்களுக்கான சிகிச்சைக் குழுவில் போதைச் சிகிச்சை நிபுணரும் வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் நோயாளி வீடு திரும்பிய பிறகு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கினானா, பல் சொத்தையைக் காட்டினானா, காய்ச்சல் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினானா என்று பார்க்க, அவன் ஊரையும் அவன் பட்டபாட்டையும் அறிந்த ஒருவர் வேண்டும். ஒவ்வொரு கிராமத்துச் சுகாதார மையத்திலும் அந்த ஒருவருக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கொடுங்கள். இந்த வேலையை அவர்கள் கூலியில்லாமலே தொடங்கி நாற்பது வருடமாகிவிட்டது.