ரயில் வந்தபோது துறைமுகம் இல்லை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஏன் ராயபுரத்திலிருந்து கிளம்பியது? கறுப்பர் நகரத்து வியாபாரிகளும், கப்பல் சரக்கு இறங்கும் கரையும் பக்கத்திலேயே இருந்தது ஒரு காரணம். 1856 ஜூலை 1-ல் வாலாஜா ரோடு வரை ஓட ஆரம்பித்து, 1862-ல் மேற்குக் கரை பேப்பூரோடு இணைந்துவிட்டது.

ஆனா பாருங்க, இங்கே கப்பல் ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது! ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகை தைத்த மசூலா படகில்தான் மூட்டையும் ஆளும் அலையைத் தாண்டணும். 1860-களில் இரும்புப் பாலம் ஒன்று கட்டிப் பார்த்தார்கள். துறைமுகத்துக்கு அடிக்கல் விழுந்ததே 1875-ல். எழுந்துகொண்டிருந்ததை 1881 புயல் உடைத்துப் போட்டது. கடலுக்குக் கடல் தண்டவாளம் போட்டாச்சு, கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் அப்பவும் படகுக்காரங்க துடுப்பில்தான்.