தோட்டத்து வாசகர்

நாவலாசிரியனுக்கு முதற்கண் வேண்டுவது அச்சகமன்று, வாசகரே. பேராக் மாநிலத்துப் பால்மரக் காடுகளில் அவ்வாசகரை ஆக்கித்தந்ததில் நாளிதழுக்குப் பெரும்பங்குண்டு.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அக்கெடுபிடிக்கிடையே, 1950-இல், 'தமிழ் நேசன்' (2019-இல் நின்றுபோன இதழ்) கதை வகுப்பைத் தொடங்கிற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் ஆசான்கள். எழுதப் பயின்றோர் பிறர் கதைகளையும் கருத்தூன்றிப் படித்தனர். எழுத்தாளர் கூட்டமே வாசகர் கூட்டமுமாயிற்று. இது நிறையா, குறையா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

சிறுகதைக்கு இதழ் இடந்தந்தது. நாவலை நூலாக்கவோ கைப்பொருள் வேண்டும். கடன்பட்டு அச்சிட்டுத் தாமே சுமந்து விற்றோர் பலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் கலைந்தபின், அவ்வாசகரைத் தேடி ஈப்போ வீதிகளில் கதவு தட்ட வேண்டியதாயிற்று.