ஒருவர் காலை நம்பிய அணிகள்

குமரி மாவட்டத்துக் கால்பந்து நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் வளர்ந்ததல்ல. பழைய நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள். பந்துக்குப் பேர்போன ஊர்கள் அதற்கு மேற்கே, குழித்துறை ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து கேரள எல்லைவரை வரிசையாக இருக்கின்றன: இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பெயர்பெற்ற கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் இவை. 1956 நவம்பர் 1 வரை இந்தக் கரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலப் பகுதியாகவே இருந்தது. எல்லைக் கோடு மாறிய பிறகும் பந்தின் உறவு சென்னையைவிடத் திருவனந்தபுரத்தோடுதான் நெருக்கம். நீரோடியை ஒட்டி, எல்லைக்கு அப்பால் இருக்கும் பொழியூர், கேரள சந்தோஷ் கோப்பை அணிக்குப் பல ஆட்டக்காரர்களைத் தந்த ஊர்.

இந்தக் கரையின் ஆட்டம் மணலில் தொடங்குவது. மணலில் பந்து ஓடாது, கால் புதையும். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆளைத் தாண்டத் தெரிந்தவனே அங்கே நிற்க முடியும். கோல் போடுவதும் அவன்தான், போடவைப்பதும் அவன்தான். இப்படி வளர்ந்தவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குள் வந்தபோது, அங்கே கோல் போடும் வேலை ஏற்கெனவே வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தியக் கிளப்புகள் அந்த இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டு முன்கள வீரருக்குக் கொடுத்துவந்தன. ஒரே ஆளை நம்பி அணி கட்டும் பழக்கத்தின் வேர் இதுதான்.

இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜின் ஆட்ட வாழ்க்கை இந்தப் பழக்கத்தின் ஊடாகவே சென்றது. அண்ணன் மைக்கேல் ரெஜினோடு அவர் சென்னை சிட்டி அணிக்கு ஆடினார். 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்த அந்த அணியில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் நிறைய இருந்தார்கள். 2017-18 பருவத்தில் ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் விருது சூசைராஜுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்.

அவர் போன பருவத்தில் சென்னை சிட்டியின் ஆட்டம் வெளிநாட்டு முன்கள வீரர் பெத்ரோ மான்சியைச் சுற்றி அமைந்தது. 2018 அக்டோபரில் இந்தியன் ஆரோஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே அவர் மூன்று கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் அணி 20 ஆட்டங்களில் அடித்த 48 கோல்களில் 21 அவருடையவை. கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாப் தொடக்க நிமிடங்களிலேயே முன்னிலை பெற்றது. மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன் பிறகு கோப்பையை வென்று தந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, 43 புள்ளிகளோடு சென்னை சிட்டி சாம்பியன் ஆனது. 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போய்விட்டார். பட்டத்தைத் தக்கவைக்க அணியால் முடியவில்லை. 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கிலேயே அது இல்லை. கிளப்பின் வீழ்ச்சிக்கு ஒரு வீரர் போனது மட்டும் காரணமாகாது. ஆனால் களத்தில் அவருடைய இடத்தை நிரப்ப ஆள் வளர்க்கப்படவில்லை என்பது உண்மை.

சூசைராஜ் 2019இல் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடிய ஏடிகே அணிக்கு வந்தார். பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் அவரை இடது ஓரம் முழுவதும் மேலும் கீழும் ஓடும் ஆளாக்கினார். முன்னால் நின்று கோல் அடிப்பது ஃபிஜியைச் சேர்ந்த ராய் கிருஷ்ணாவின் வேலை. அந்தப் பருவத்தில் அவர் 15 கோல் அடித்தார். 2020 மார்ச் 14 அன்று சென்னையின் எஃப்சியுடன் நடந்த இறுதியாட்டத்தில் கிருஷ்ணா காயத்தால் முதல் பாதியிலேயே வெளியேறினார். ஆனாலும் ஹாவி ஹெர்னாண்டஸின் இரண்டு கோல்கள், எது கார்சியாவின் ஒரு கோல் ஆகியவற்றால் ஏடிகே 3-1 என வென்றது. அணியில் மாற்றுக் கால்கள் இருந்தன.

அடுத்த பருவத்தில் அந்த நிலை இல்லை. மோகன் பகானுடன் இணைந்து ஏடிகே மோகன் பகான் ஆகியிருந்த அணி, 2020 நவம்பர் 20 அன்று கேரளா பிளாஸ்டர்ஸோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே சூசைராஜின் முழங்காலில் அடிபட்டது. பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அந்த ஆட்டத்தின் ஒரே கோல் கிருஷ்ணாவுடையது. லீக் சுற்றில் அணி அடித்த 28 கோல்களில் 14 அவர் அடித்தவை; சரிபாதி. எதிரணிக்கு இதில் ஒரு வசதி உண்டு. யாருக்குப் பந்து போகும் என்று தெரிந்துவிட்டால் இருவரை அவரோடு ஒட்டவைத்து, ஓரங்களை விட்டுவிடலாம். லீக்கின் கடைசி ஆட்டத்தில் மும்பை சிட்டி 2-0 என வென்று, புள்ளிகள் சமமாக இருந்தும் முதலிடத்தைப் பறித்தது. 2021 மார்ச் 13 இறுதியாட்டத்திலும் மும்பையே 2-1 என வென்றது.

ஐ.எஸ்.எல். நிர்வாகம் 2021-22 பருவத்திலிருந்து களத்தில் ஆடும் வெளிநாட்டினரை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தது. அந்த நால்வரில் ஒருவர் முன்களத்தில் நிற்பது பெரிதாக மாறவில்லை. ஊரில் கோல் அடித்துப் பழகிய இளைஞர்கள் ஓரத்துக்கோ பின்களத்துக்கோ நகர்த்தப்பட்டதன் விலையைத் தேசிய அணி கொடுத்தது. அங்கே நீண்ட காலம் நம்பப்பட்ட ஒற்றைக் கால் சுனில் சேத்ரியுடையது. 94 கோல்களோடு 2024 ஜூன் 6 அன்று ஓய்வு பெற்ற அவரை, 2025 மார்ச்சில் 40ஆம் வயதில் திரும்ப அழைத்தார்கள். மாலத்தீவுக்கு எதிரான அந்த ஆட்டத்திலும் அவர் ஒரு கோல் அடித்தார்.