‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’: ஒரு தொகுப்பு இசைத்தட்டின் வரலாறு

குறுந்தொகைப் பாடல்கள் அடியளவு நோக்கித் தொகுக்கப்பட்டவை என்பது தமிழ் மாணவர் அறிந்த செய்தி. பாடல்களைத் திரட்டுவோர் எவராயினும் ஏதேனும் ஓர் அளவுகோலைக் கைக்கொள்ளவே வேண்டியுள்ளது. 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனம் வெளியிட்ட ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்னும் இசைத்தட்டிற்கு விற்பனையே அளவுகோலாயிற்று. ‘குயின்’ என்னும் ராக் இசைக்குழுவின் 17 பாடல்கள் அடங்கிய அத்தட்டே பிரிட்டனில் மிகுதியாக விற்பனையான இசைத்தொகுதி என்னும் பெருமையைப் பெற்றது.

இக்குழு 1970இல் இலண்டனில் தோன்றியது. பாடகர் பிரெடி மெர்க்குரி சான்சிபாரில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர். மராட்டிய மண்ணின் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி கற்றவர். கிட்டார் வாசித்த பிரையன் மே, தம் தந்தையாருடன் சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரத்தைச் செதுக்கித் தாமே அக்கருவியைச் செய்துகொண்டார். அதன் ஒலியைப் பன்முறை பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு கிட்டாரைக் கிட்டார்ப் படையாக முழங்கச் செய்தார். ஹார்ட் ராக் எனப்படும் வன்முழக்க இசையில் இக்குழுவிற்கு வாய்த்த தனித்தன்மை இதுவே எனலாம். சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவியைத் தாங்கள் பயன்படுத்தவில்லை எனத் தொடக்ககால இசைத்தட்டு உறைகளில் அச்சிட்டுப் பெருமை கொண்டனர். 1980இல் ‘த கேம்’ தொகுதியில் அவ்விரதம் முடிவுற்றது.

தொகுப்பில் இடம்பெற்ற பாடல்கள் யாவும் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதல் 20 இடங்களுள் வந்தவை. 1973இல் வெளிவந்த முதற் சிறு இசைத்தட்டான ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ பட்டியலையே எட்டவில்லை, ஆகவே விடுபட்டது. 31ஆம் இடத்தோடு நின்ற ‘டை யுவர் மதர் டவுன்’ என்னும் முழக்கப் பாடலுக்கும் அதே கதி. 1974ஆம் ஆண்டின் ‘ஸ்டோன் கோல்ட் க்ரேஸி’ அந்நாளில் சிறு இசைத்தட்டாக வரவே இல்லை. எனவே அதனைப் பற்றிய பேச்சிற்கே இடமிருக்கவில்லை. அப்பாடலைப் பின்னாளில் அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழுவினர் தம் பாணியில் பாடி, 1991இல் கிராமி விருது பெற்றனர். விற்பனைப் பட்டியலுக்கு எட்டாத தரமும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பாடல்களை அடுக்கிய முறையும் நோக்கத்தக்கது. ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் நின்ற, ஏறத்தாழ ஆறு நிமிட நீளமுள்ள ‘போஹீமியன் ராப்சடி’ (1975) தலைமையிடம் பெற்றது. குழுவின் முதல் வெற்றிப் பாடலான ‘செவன் சீஸ் ஆஃப் ரை’ (1974) பதினைந்தாவதாக ஒதுக்கப்பட்டது. சிந்தசைசரை விலக்கிய காலமும் ஏற்ற காலமும் இவ்வாறு இடம்மாறிக் கலந்தன. அடுக்கைக் கொண்டு குழுவின் வளர்ச்சியை அறிய முயல்வோர் வழிதவறுவர்.

அமெரிக்காவில் எலெக்ட்ரா நிறுவனம் இதே பெயரில் 14 பாடல்களை மட்டுமே வெளியிட்டது. இங்கிலாந்தில் ஒன்பதாம் இடம் பெற்ற ‘டோன்ட் ஸ்டாப் மீ நௌ’ அங்கே 86ஆம் இடத்தையே கண்டிருந்தமையால் நீக்கப்பட்டது. இங்கிலாந்துத் தட்டில் இல்லாத ‘அண்டர் பிரஷர்’ என்னும் புதுப்பாடல் சேர்க்கப்பட்டது. டேவிட் போவியுடன் இணைந்து பாடியது அது. வியப்பிற்குரியது என்னவெனில், தாயகம் தள்ளிய ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ அமெரிக்கத் தட்டில் இடம்பெற்றமையே! பெயர் ஒன்று, நூல் இரண்டு.

பிரிட்டனில் மட்டும் இதன் விற்பனை, இணையவழிக் கேட்பையும் சேர்த்துக் கணக்கிட, 2022இல் 70 இலட்சத்தை எட்டியது. பிற்காலத்தார் பலர் இக்குழுவை இத்தட்டின் வாயிலாகவே அறிந்தனர். இன்னிசைக் குழுவாகவே அவர்கள் குயினைக் கண்டனர். ‘நௌ ஐயாம் ஹியர்’ போன்ற சில பாடல்கள் தவிர, முழக்க இசைக் குழுவாக அதனைக் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்தது. தொகுப்பு காத்ததும் பெரிது, மறைத்ததும் சிறிதன்று.

இரண்டாம் தொகுப்பு 1991 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்த மாதம் 24ஆம் நாள் மெர்க்குரி மறைந்தார். முன்னர் இங்கிலாந்தில் விடுபட்ட ‘அண்டர் பிரஷர்’ இத்தொகுப்பில் இடம்பெற்றது. ‘ஸ்டோன் கோல்ட் க்ரேஸி’க்கு அப்போதும் இடம் கிட்டவில்லை.