சட்டத்தில் இல்லாத பெயர்

மலையகத் தமிழர் வாக்குரிமை இழந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கான சட்டங்களை மூலத்தில் வாசித்தவர்கள் நம்மில் குறைவு. நான் வாசித்ததை இன்று உங்களோடு பகிர்கிறேன்.

முதல் ஆவணம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். யார் குடிமகன் என்று வரையறுக்கும் 4ஆம், 5ஆம் பிரிவுகளில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. அந்தச் சட்டம் வருமுன் இலங்கையில் பிறந்தவரா? உங்கள் தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். படித்தால் எல்லோருக்கும் பொதுவான விதிபோலத் தெரியும்.

அதன் பக்கத்தில் பிறப்புப் பதிவின் வரலாற்றை வையுங்கள். இலங்கையில் பிறப்பைப் பதிவது கட்டாயமானது 1897இல்தான். 1948இல் நாற்பது வயதான ஒருவரின் தந்தை அதற்கு முன்பே பிறந்திருப்பார். லயத்தில் பிறந்த அந்தத் தந்தைக்கு அத்தாட்சிப் பத்திரம் எங்கிருந்து வரும்? நான் தாதி. பிறந்த நேரத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரியைப் பிறகு நிரூபிப்பது எவ்வளவு பாடு என்பதை அறிவேன்.

அடுத்தது, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். குடிமக்கள் மட்டுமே வாக்காளர் இடாப்பில் இடம்பெறலாம் என்றது. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. 1952இல் ஓர் இடமும் இல்லை.

அதே 1949இல் வந்த 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெற வழி தந்தது. மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டுத் தொடர் வசிப்புக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

கடைசியாக ஒரு தீர்ப்பு. ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் பெயர் சேர்க்கக் கேட்ட கோடாக்கன் பிள்ளையின் வழக்கு 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எந்தச் சமூகத்தின் மீதும் தனித் தடை விதிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு சொன்னது. ஆனாலும் இது குடியுரிமையை வரையறுக்கும் சட்டமே என்று மன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டம் பெயர் சொல்லாத மக்களைத் தீர்ப்பு பெயர் சொல்லியே பேசுகிறது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் அங்கே ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஆகவே நண்பர்களே, வாக்குரிமை பற்றிய எந்தச் சட்டத்திலும் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் தேடாதீர்கள். அது எந்தக் காகிதத்தைக் கேட்கிறது, அந்தக் காகிதம் யார் வீட்டில் இருக்க வாய்ப்பே இல்லை என்று பாருங்கள்.