கண்ணீர் வழியும் சிரிப்பு



வாட்ஸ்அப் குழுக்களில் இரங்கல் செய்திக்குக் கீழே கண்ணீர் வழியும் மஞ்சள் முகத்தைச் சிலர் இடுகிறார்கள். அது அழும் முகமல்ல. விழுந்து விழுந்து சிரிக்கும் முகம்! அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1982-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினி வழி அறிவிப்புப் பலகையில் ஒருவர் லிஃப்ட் ஒன்று பாதரசத்தால் மாசுபட்டுவிட்டதாக வேடிக்கையாக எழுதினார். சிலர் அதை மெய்யென்றே நம்பிவிட்டனர். எழுத்துக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லையே! ஆகவே செப்டம்பர் 19 அன்று கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் ஒரு வழி சொன்னார்: முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து எழுதினால் அது நகைச்சுவை என்று கொள்க. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம் தெரியும்.

1999-இல் ஜப்பானின் டொகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா 176 சின்னஞ்சிறு படங்களை வடிவமைத்தார். ‘எமோஜி’ ஜப்பானியச் சொல். ‘எ’ என்றால் படம், ‘மோஜி’ என்றால் எழுத்து. நம் கண்ணீர்ச் சிரிப்பு முகம் 2010-இல் யூனிகோடில் இடம்பெற்றது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தனர்.

இக்காலப் பிள்ளைகளோ, சிரித்தே செத்தேன் என்பதற்கு மண்டையோட்டைப் போடுகிறார்கள்!

சிரிப்பைச் சிரிப்பென்று காட்டப் பிறந்த குறி இது. துக்க வீட்டாருக்குப் படம் வேண்டாம். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று இரண்டு சொல் எழுதுங்கள், போதும்.